முதல் வெட்டு

பன்றி முதலில் கிழித்தது ஒரு நாயின் வயிற்றைத்தான். செவலைக் குட்டி, போன தை மாதம்தான் அதை வேட்டைக்குப் பழக்கியிருந்தார்கள். பக்கவாட்டில் போய்ப் பிடிக்கத் தெரியாமல் முகத்துக்கு நேராகப் போய் நின்றது. பன்றி தலையைத் தாழ்த்தி ஒரு தரம் மேலே தூக்கியது, அவ்வளவுதான். குடல் புல்லில் இழுபட, நாய் கொஞ்ச தூரம் நடந்துபோய் உட்கார்ந்துகொண்டது. அதற்குள் மற்ற நாய்கள் காதையும் தொடையையும் கவ்விவிட்டன. ஆட்கள் வளைத்து நின்று வேல்கம்பை விலாவில் இறக்கினார்கள். ஒருவன் இறக்கிய கம்பின்மேல் இன்னொருவன் தன் பாரத்தைப் போட்டு அழுத்தினான். பன்றியின் சத்தம் பொட்டல் முழுக்கப் போய் மலையில் முட்டித் திரும்பி வந்தது. அது சாவேனா என்று பிடிவாதம் பிடித்தது. மூன்றாவது கம்பு இறங்கிய பிறகும் பின்னங்கால் மண்ணை வாரிக்கொண்டிருந்தது.

காளீஸ்வரி பங்குக்கல் ஓரத்தில் நின்று கண்ணை எடுக்காமல் பார்த்தாள். வேட்டைக்கோ பங்குக்கல்லுக்கோ பெண்கள் வருகிற வழக்கம் இல்லை. அவளைக் கூட்டி வந்திருந்தார்கள். விடிந்தும் விடியாமலும் அவள் அண்ணன் சோலைச்சாமி சேத்தூரிலிருந்து பைக்கில் வந்து, டீகூடக் குடிக்காமல், ஏறு என்று ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டிருந்தான். அவன் வெளியூர்க்காரன். அதனால் கல்லைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. வண்டிப்பாதையில் பைக்கை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றான்.

மகாராஜபுரத்துக்கு மேற்கே தென்னையும் மாவும் முடிந்து, மலை தொடங்குவதற்கு முன்னால் கிடக்கிற பொட்டல் அது. ஒரு மரம் கிடையாது. மழை பெய்தால் புல், பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. அதன் நடுவில் முழங்கால் உயரத்திலும் இடுப்பு உயரத்திலுமாகக் கற்களை வட்டமாக நட்டு வைத்திருக்கிறார்கள். அதுதான் பங்குக்கல். யார் நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. சில வருஷத்துக்கு முன்னால் கல்லூரியிலிருந்து ஒரு கூட்டம் வந்து டேப் பிடித்து அளந்து, இதற்குக் கல்வட்டம் என்று பேர், கிறிஸ்து பிறப்பதற்கும் முந்தியது, அடியில் யாரையோ புதைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. ஊர்க்காரர்கள் அதற்கு வாயைப் பிளக்கவில்லை. செத்தவன் யாராயிருந்தால் என்ன, சாட்சிக்கு ஒரு செத்தவன் இருந்தால் சரி என்பது அவர்கள் கணக்கு. வேட்டையாடியதை வட்டத்துக்கு நடுவில் போட்டுப் பங்கு பிரிப்பார்கள். வீட்டுக்கு ஒரு கல். அந்த வீட்டு ஆண் அந்தக் கல்லடியில் உட்கார்ந்து தன் பங்கை வாங்க வேண்டும். பன்றியைத் தொட்டாலே கேஸ் என்று ஆன பிறகு வேட்டை குறைந்து போயிற்று. வட்டம் மட்டும் குறையவில்லை. ஏனென்றால் அதில் கறியைவிடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது.

இரண்டு வீட்டுக்கு நடுவில் ரத்தம் விழுந்துவிட்டால், அதைக் கழுவுகிற இடமும் இதுதான். கொன்றவன் வட்டத்துக்கு நடுவில் மண்டியிட்டு, வேட்டையாடிய மிருகத்தின் தொடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க வேண்டும். செத்தவன் வீட்டுக் கை அரிவாளை வாங்கி அந்தத் தொடையில் முதல் வெட்டு வெட்ட வேண்டும். வெட்டு விழுந்தால் வழக்கு முடிந்தது. அதற்குப் பிறகு அந்தச் சாவைப் பற்றி ஊரிலும் பேசக் கூடாது, கோர்ட்டிலும் பேசக் கூடாது. வெட்டு விழுகிறவரை யாரும் தன் கல்லைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்தவன் வீட்டுக்கு அன்றோடு கல் இல்லை. கல் இல்லையென்றால் கோயில் வரி வாங்கமாட்டார்கள், நல்லது கெட்டதுக்கு வரமாட்டார்கள், செத்தால் தூக்க நாலு பேர் கிடைக்கமாட்டார்கள். மண்டியிட்டவன் தொடையைக் கீழே விட்டாலும் எல்லாம் போயிற்று. பிறகு அவனுக்காக ஊரிலும் கோர்ட்டிலும் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இன்றைக்கு மண்டியிட வேண்டியவன் ஜெயபாண்டி. அவன் கொன்றது காளீஸ்வரியின் புருஷன் வேலுசாமியை. இரண்டு பேரும் பங்காளிகள். ஒரே கிணற்றில் இருவருக்கும் பங்கு, ஒரே பாதையில் இருவர் காட்டுக்கும் போக வேண்டும். ஜெயபாண்டி அவளை மதினி என்றுதான் கூப்பிடுவான். அவள் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவன்.

போன வருஷம் ஜெயபாண்டி தன் மக்காச்சோளத்தைச் சுற்றிப் பன்றிக்காகக் கம்பி கட்டி, அதில் திருட்டுக் கரண்டை விட்டான். பன்றி விழவில்லை. வேலுசாமியின் கறவை மாடு விழுந்தது. வேலுசாமி போய்க் கேட்டான். உன் மாட்டை யார் இந்தப் பக்கம் விடச் சொன்னது என்றான் ஜெயபாண்டி. பேச்சு தடித்தது. மறுநாளே ஜெயபாண்டி பொதுப்பாதையில் கருவை முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தான். அதற்கு ஒரு வாரம் கழித்து வேலுசாமி பொறுக்க முடியாமல் கம்பியைப் பிடுங்கப் போனான். பக்கத்துக் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த காளீஸ்வரி, சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது மண்வெட்டி மேலே போயிருந்தது. அது இறங்கியதையும் பார்த்தாள். தட்டையாக இறங்கியிருந்தால் பிழைத்திருப்பான். மண்வெட்டியின் இலை திரும்பி, விளிம்பு மண்டையில் இறங்கியது. தேங்காய் உடைக்கிற சத்தத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகு அவள் வீட்டில் தேங்காய் உடைக்கவில்லை, பக்கத்து வீட்டில் கொடுத்துத்தான் உடைத்து வாங்கினாள்.

வேலுசாமி உடனே சாகவில்லை. வத்திராயிருப்பிலிருந்து வந்த ஆட்டோ முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. அவள் வெறுங்கையால் கருவை முள்ளை இழுத்துப் போட்டாள். உள்ளங்கையில் ஏறிய முள் அப்படியே முறிந்து உள்ளே தங்கியது. ஜெயபாண்டி வரப்பில் நின்றான். அவன் வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள். ஒரு கை வந்து ஒரு கொப்பை இழுத்திருந்தால் வழி பிறந்திருக்கும். வரவில்லை. வேலுசாமி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, வெயில் உச்சிக்கு வருகிறவரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தான். பிறகு விட்டுவிட்டான்.

போலீஸ் வந்தபோது அத்தனை பேரும் ஒரே வாய்ப்பாட்டை ஒப்பித்தார்கள். கால் வழுக்கி மோட்டார் பைப்பில் விழுந்தான், தலை அடிபட்டது. வாய்ப்பாட்டைச் சொல்லிக் கொடுத்தவர் தங்கப்பாண்டியன். ஜெயபாண்டிக்குப் பெரியப்பா, போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். கல்லில் நார் உரிக்கிற ஆள். எந்த வார்த்தை கோர்ட்டில் நிற்கும், எது நிற்காது என்று அவருக்கு அத்துப்படி. மாறிச் சொன்ன ஒரே வாய் காளீஸ்வரியுடையது. ஜெயபாண்டி ஜாமீனில் வந்துவிட்டான், கேஸ் அவள் வாயில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வருகிற திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அவள் கூண்டில் ஏற வேண்டும்.

ஏறினால் என்ன நடக்கும் என்று இந்த ஒரு வருஷமாக ஊர் அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. வாயால் சொல்லவில்லை. கிணற்றில் அவள் முறை வரும்போது மோட்டார் ஓடாது. பாதையில் முள் எடுத்த பாடில்லை. பருத்தி நின்ற நிலையில் கருகியது. அவள் போனால் கடையில் பேச்சு நின்றுபோகும். மகள் மாரிச்செல்வி பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் யாரோ ஒருவன் சைக்கிளைத் தள்ளிவிட்டான். முட்டி கிழிந்து வந்த பிள்ளை, கீழே விழுந்துட்டேன்மா என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோற்றுத் தட்டோடு போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. அன்றைக்கு ராத்திரிதான் காளீஸ்வரிக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. சோலைச்சாமியும் வந்து, செத்தவன் திரும்பி வரப்போறதில்ல, இருக்கிறவள் வாழ வேண்டாமா என்று கேட்டான். அவனுக்கு அவன் பயம். தங்கைக்கு ஒன்று என்றால் தான்தான் அரிவாளைத் தூக்க வேண்டும், தூக்கினால் தன் பிள்ளைகள் தெருவில் நிற்கும். நேற்று சாயங்காலம் தங்கப்பாண்டியன் வீடு தேடி வந்தபோது அவள் சரி என்று சொல்லிவிட்டாள். வெட்டுதேன் மாமா என்றாள். மனதறிந்துதான் சொன்னாள். அதில் சூது ஒன்றும் இல்லை.

அவளை வட்டத்துக்குள் விடலாமா என்று மட்டும் ஊர் ஆண்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது. வேலுசாமிக்கு அண்ணன் தம்பி கிடையாது, ஆண்பிள்ளையும் கிடையாது. சோலைச்சாமியை வெட்டச் சொல்லலாம் என்றால் வெளியூர்க் கையைக் கல் ஏற்காது. கடைசியில் தங்கப்பாண்டியன்தான் வழி கண்டுபிடித்தார். கல்லுக்குக் கை தெரியுமே தவிர வளையல் தெரியாது என்றார். பெரிய சிரிப்பு. ஒருத்தன், கோழி அறுக்கவே கை நடுங்கும் பொம்பளைக்கு என்று கேட்டான். தொடையில் பட்டால் போதும், துண்டாக வேண்டியதில்லை என்று அதற்கும் ஒரு சலுகை தந்தார்கள். அவளால் வெட்ட முடியுமா என்றுதான் எல்லோரும் கவலைப்பட்டார்கள். வேறு எதையும் அவர்கள் யோசிக்கவில்லை.

பன்றியைக் கயிற்றில் கட்டி இழுத்துவந்து வட்டத்துக்கு நடுவில் போட்டார்கள். வாயிலிருந்து வந்த ரத்தம் புல்லில் ஒரு கோடாக வந்தது. குடல் சரிந்த செவலைக் குட்டியை ஒருவன் கல்லால் அடித்துக் கொன்று ஓரமாக எறிந்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து தன் கல்லடியில் உட்கார்ந்தான். எல்லோரும் உட்கார்ந்தார்கள். வேலுசாமியின் கல் கிழக்குப் பக்கம் சற்றுச் சாய்ந்து நின்றது. காளீஸ்வரி அதற்கு முன்னால் போய் நின்றாள். அந்தக் கல்லைப் பற்றி அவன் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான். அவள் இன்றுதான் பார்க்கிறாள். அதன் உச்சியில் முதுகு தேய்த்துத் தேய்த்து மழுங்கிய ஓர் இடம் இருந்தது.

ஜெயபாண்டி சட்டையைக் கழற்றிவிட்டு வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பன்றிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பின்னந்தொடையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். நல்ல கனமான பன்றி. தூக்கும்போதே அவன் தோளில் நரம்பு புடைத்தது. தலையைக் குனிந்துகொண்டான். தங்கப்பாண்டியன் தன் கல்லடியில் இருந்தபடியே அரிவாளைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுக்க, அது கைமாறிக் கைமாறி அவளிடம் வந்தது. புதிதாகச் சாணை பிடித்தது.

"ஏத்தா, பயப்படாத," என்றார் தங்கப்பாண்டியன். "ஓங்கி ஒண்ணு போடு. அம்புட்டுதான்."

அவள் நடுவில் போய் நின்றாள். பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தாள். உண்மையிலேயே பயம் இல்லை. ஆனால் அவள் கீழே பார்த்தபோது கண்ணில் பட்டது பன்றித் தொடை இல்லை, அதற்கு ஒரு சாண் இந்தப் பக்கம் குனிந்திருந்த பிடரி. வேர்வையில் பளபளத்தது. முடி வெட்டி நாலு நாள் இருக்கும். அவள் கை அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. மண்வெட்டி போன உயரம் அவளுக்குத் தெரியும், அதே உயரத்துக்கு அரிவாள் போயிற்று. சுற்றியிருந்தவர்களுக்குத் தொடைக்கு ஓங்குகிறாள் என்று தோன்றியிருக்கும். அவளுக்குத்தான் தெரியும். ஒரே ஒரு வெட்டு. தேங்காய்ச் சத்தம் இன்னொரு தரம். மாரிச்செல்வியை யார் பார்ப்பார்கள் என்று ஓர் எண்ணம் வந்தது. அந்த எண்ணம்கூடக் கையை இறக்கவில்லை. கை அங்கேயே நின்றது. கொல்ல வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அந்த ஆசையை அவள் வெட்கமில்லாமல் முழுசாக அனுபவித்தாள்.

குனிந்த தலை குனிந்தபடியே இருக்க, ஜெயபாண்டி அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னான்.

"மதினி, சட்டுன்னு வெட்டுங்க. முட்டி கடுக்கு."

கறிக்கடையில் வரிசையில் நிற்கிறவன் மாதிரிதான் சொன்னான். அவனுக்குக் கொழுப்பு என்றும் சொல்ல முடியாது. உண்மையிலேயே முட்டி கடுத்திருக்கிறது, சொன்னான். அதுதான் அவளை நிறுத்தியது. முள்ளுக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வெயில் உச்சிக்கு வருகிறவரை கிடந்தான். அன்றைக்கு இவனுக்கு அவசரமே இருக்கவில்லை. வரப்பில் நின்று ஒரு பீடியைப் பற்றவைத்து, அதைப் பாதியில் அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, பிறகு மறுபடி பற்றவைத்தான். அவ்வளவு நேரம் இருந்தது இவனிடம்.

காளீஸ்வரி அரிவாளை மெதுவாகக் கீழே இறக்கினாள். திரும்பி நடந்து வேலுசாமியின் கல்லடிக்கு வந்து, முதுகை அதில் சாய்த்து உட்கார்ந்தாள். அரிவாளை மடியில் வைத்துக்கொண்டாள். சேலையை இழுத்துக் காலை மூடினாள்.

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஒருவன், மயக்கம் வருதோ, தண்ணி குடுங்கப்பா என்றான். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க எழுந்திருக்க வேண்டும். யாரும் எழுந்திருக்கவில்லை.

"என்னத்தா?" என்றார் தங்கப்பாண்டியன்.

"செத்த நேரம் இருங்க மாமா. யோசிக்கணும்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நேத்தே சரின்னு சொல்லிட்டேல்லா?"

"வெட்டுதேன்னுதான் சொன்னேன். எப்ப வெட்டுதேன்னு நீங்களும் கேக்கல, நானும் சொல்லல."

முப்பது வருஷம் சட்டத்தோடு மல்லுக்கட்டிய மூளை தங்கப்பாண்டியனுக்கு. பங்குக்கல் முறையை அந்த மூளையில் அவர் மேலிருந்து கீழ்வரை தேடியிருப்பார். யார் வெட்டுவது, எதை வெட்டுவது, யார் எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் என்ன தண்டனை, எல்லாம் இருந்தது. எவ்வளவு நேரத்துக்குள் என்று மட்டும் எந்தக் காலத்திலும் யாரும் வைக்கவில்லை. இதுவரை அரிவாள் வாங்கியவர்கள் எல்லாம் ஆண்கள். முதல்நாளே எல்லாவற்றையும் பேசித் தீர்த்து, சாராயத்தையும் குடித்துவிட்டு, வந்த வேலையை முடித்துக்கொண்டு போக வந்தவர்கள். ஒருத்தனும் உட்கார்ந்ததில்லை.

வண்டிப்பாதையிலிருந்து சோலைச்சாமி கையை ஆட்டினான். "ஏட்டி, என்ன செய்யுத? வெட்டிட்டு வா, போவோம்," என்று கத்தினான். அவன் குரலில் இருந்தது அதட்டல் இல்லை, பயம். அண்ணன்மேல் அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

வெயில் மலையைவிட்டு இறங்கிப் பொட்டலுக்கு வந்தது. ஈ வந்தது. முதலில் பன்றியின் கண்ணில், பிறகு விலாவில் கம்பு இறங்கிய ஓட்டைகளில். காற்று நின்று, ரத்த வாடை எழுந்தது. நாய்கள் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வட்டத்துக்குள் வந்து பன்றியை மோந்து பார்த்தன. விரட்ட வேண்டும் என்றால் எழுந்திருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே சூ சூ என்றார்கள், மண்ணாங்கட்டியை எறிந்தார்கள். ஒரு நாய் பன்றியின் காதைக் கடித்து இழுத்தது. தொடையைப் பிடித்திருந்த ஜெயபாண்டியும் சேர்ந்து அசைந்தான். தொடை கையிலிருந்து நழுவப் பார்த்தது, மறுபடி இறுக்கிப் பிடித்தான். அவன் அழுகிறானா, வேர்வைதானா என்று அவள் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை.

ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். அவளைச் சொன்னானா, வெயிலைச் சொன்னானா என்று தெளிவில்லை. இன்னொருவன், போய் அவ கையப் பிடிச்சு வெட்ட வைங்கப்பா என்றான். நீ போ என்றார்கள். அவன் போகவில்லை. அவன் கல்லும் நல்ல கல், அவன் தாத்தா உட்கார்ந்த கல். தங்கப்பாண்டியன் ஒரு முட்டியை ஊன்றி, இடுப்பைப் பாதி தூக்கினார். அத்தனை பேர் தலையும் அவர் பக்கம் திரும்பியது. அந்தப் பாதியிலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார். ஸ்டேஷனில் எத்தனையோ பேரை மண்டியிட வைத்தவர். எவ்வளவு நேரத்தில் ஒரு மனுஷன் உடைவான் என்று இங்கே அவர் ஒருவருக்குத்தான் சரியாகத் தெரியும்.

"காளீஸ்வரி," என்றார். ஏத்தா போய்ப் பேர் வந்திருந்தது. "ஒனக்கு என்னதான் வேணும், சொல்லு. பாதைய இன்னைக்கே தொறந்து விடச் சொல்லுதேன்."

என்ன வேண்டும் என்று இந்த ஒரு வருஷத்தில் முதல் தரமாக ஒருவர் கேட்கிறார், அதை யோசிக்காமல் எப்படிச் சொல்வது. திங்கட்கிழமை கூண்டில் ஏறலாம். இப்போதே எழுந்துபோய்த் தொடையில் ஒன்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம். ஒரு சாண் இந்தப் பக்கம் குனிந்திருந்த அந்தப் பிடரியும் இன்னும் இருந்தது, அது எங்கேயும் போய்விடவில்லை. மூன்றும் மடியில் இருந்த அரிவாளோடு அவளிடமே இருந்தன. முதுகில் கல் சுட ஆரம்பித்தது. அவள் நகராமல் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மற்ற கற்களில் நிழல் குறுகக் குறுக ஆட்கள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நடுவில் நிழலே இல்லை. பன்றியின் காயத்திலிருந்து எழுந்த ஓர் ஈ ஜெயபாண்டியின் பிடரியில் வந்து உட்கார்ந்தது. அவன் தோளைக் குலுக்கிப் பார்த்தான், போகவில்லை. கையை எடுத்தால் தொடை விழும். ஈ பின்னங்கால்களை ஒன்றோடொன்று தேய்த்துவிட்டு, முடி தொடங்குகிற இடத்திலிருந்து முதுகுத்தண்டை நோக்கி நிதானமாக நடந்தது. காளீஸ்வரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.